பக்கத்துச் சுவர்

இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்ட ஒரு கம்ப்யூட்டருக்குள் பிரவுசர் நடுங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒரு பக்கமாவது காட்டாவிட்டால் அதை அழித்துவிடுவார்கள்.

"உலகத்துல யாராவது இருக்கீங்களா?" என்று தொண்டை கிழியக் கத்தியது.

"ஏம்ப்பா அலறுறே? இந்தா, பிடி!" என்றது ஒரு குரல். கண் சிமிட்டுவதற்குள் முழுப் பக்கமும் படத்தோடு திரையில் வந்து நின்றது.

பிரவுசர் வாயைப் பிளந்தது. "உயிரைக் காப்பாத்துனீங்க சாமி! இவ்வளவு வேகமா! நீங்க எந்த தேசம்? அமெரிக்காவா?"

"அமெரிக்காவாம்ல! நான் சர்வருடா, பக்கம் எடுத்துக் குடுக்கிறவன். இதே பெட்டியில, உன் பக்கத்துச் சுவருக்கு அந்தாண்டதான் இருக்கேன். தினமும் என் வாசலைத் தாண்டித்தானே சீமைக்கு ஓடுவே?"

பிரவுசர் மெல்லச் சுவரைத் தொட்டுப் பார்த்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

"அண்ணே," என்றது குரலைத் தாழ்த்தி, "இந்தப் பெட்டிக்குள்ள இன்னும் யாரெல்லாம் இருக்காங்க?"