வெறுந்தூண்டில்

வைகாசி பிறந்தும் அந்த வடதேசத்து ஏரியில் கைவைத்தால் விறைத்தது. மாசியில் அதன்மேல் உறைந்திருந்த பனி உடைந்து உள்ளே போன திலகேஸ்வரியின் கணவன் இன்னும் கரைசேரவில்லை. தேடியவர்கள் எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள். அவன் தம்பி குகதாசனோ பனி கரைந்த நாளிலிருந்து தினமும் தூண்டிலோடு படகேறினான். ஒரு மீன்கூடக் கொண்டுவந்ததில்லை. கைராசியில்லாதவன் என்று சனம் சிரித்தது. பாவம் பார்த்து, வீட்டுக் கொல்லையில் தானே தோண்டிய புழுக்களோடும் ஒரு தூண்டிலோடும் இன்று அவளும் ஏறினாள். அவன் தூண்டிலை இறக்கினான். கனத்த பெரிய கொக்கி, வெறுமையாக இருந்தது.

“என்ன தம்பி, இரை கொழுவேல்லையே?”

“கொழுவினா மீன் பிடிபட்டிடும், அண்ணி.”

விரலில் நெளிந்த புழுவை அவள் திரும்ப டப்பாவுக்குள் விட்டு மூடினாள். பிறகு தன் தூண்டிலையும் வெறுமையாகவே இறக்கினாள், மெதுவாக, அடி தட்டும்வரை.