வாழைப்பழ ஈ

"பயப்படாதேம்மா, இந்த ஈ பறக்காது. வாழைப்பழத்தை மசிச்சு பாட்டில்லயே வளர்க்கிறேன்" என்றார் முதலாளி உதயகுமார்.

மாதேவி ஈக்குப் பயப்படவில்லை. போன வேலை திரும்பக் கிடைக்காதோ என்றுதான் பயம்.

ஊதுபத்தி டப்பா வெட்டுகிற மிஷின் அவள் வலது கையில் இரண்டு விரலைத் தின்றுவிட்டது. கட்டுப் பிரித்ததும் கம்பெனிக்கு ஓடினாள். கேட்டிலேயே மறித்து, "முழுக்கை இருக்கிறவங்களுக்கே வேலை இல்ல, போம்மா" என்றார்கள்.

கௌதள்ளியிலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்தவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? சங்கத் தலைவர் முனிராஜ்தான் கொதித்து எழுந்தார்.

"கெளம்பு மாதேவி. அந்தாளு வூட்டு வாசப்படிய நான் மிதிச்சதே இல்ல. உனக்காக இன்னிக்கு மிதிக்கிறேன்!"

வந்து அரை மணி ஆயிற்று. முதலாளியோ கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவில்லை. உள்ளே பாசி, செடி, ஈரம். நடுவில் கட்டைவிரல் அளவுக்குத் தவளைகள். மயில் கழுத்து மாதிரி நீலம். அமெரிக்காவிலிருந்து மச்சினன் கொண்டுவந்து கொடுத்ததாம்.

பாட்டிலைத் தட்டி, ஈக்கள் மேல் ஏதோ வெள்ளைப் பொடியைத் தூவி, பெட்டிக்குள் உதறினார். தவளைகள் டப் டப்பென்று கொத்தின.

"அதென்னங் சார், மாவாட்டம்?" மாதேவிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கால்சியம்மா. அது இல்லேன்னா எலும்பு வளைஞ்சுடும், பாவம்."

முனிராஜ் வெடித்துவிட்டார்.

"தவளைக்குக் கால்சியம்! உங்க மிஷின்ல விரலைக் கொடுத்தவளுக்கு ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்தீங்களா சார்? நாளைக்குக் காலையில ஒரு ஆளு உள்ள வரமாட்டான். கம்பெனிக்குப் பூட்டுதான்!"

மேஜையில் அவர் அறைந்த அறையில் தவளைகள் பாசிக்குள் ஓடி ஒளிந்தன. மாதேவிக்குக் கண் கலங்கியது. கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பேசமாட்டான்.

"மெதுவா முனிராஜ், தவளை மிரளுது." உதயகுமார் அவள் பக்கம் திரும்பினார். "நோடும்மா, இங்க பாரு, காட்டுல இதோட விஷத்தைத்தான் அம்பு நுனியில தடவுவாங்களாம்."

"அய்யோ! அதையா வூட்டுக்குள்ள வெச்சிருக்கறீங்?"

"இதுங்ககிட்ட விஷம் இல்ல. காட்டுல கண்ட எறும்பையும் தேடித் தின்னும், அதுல வர்ற விஷம் அது. இதெல்லாம் பெட்டியிலயே வளர்ந்தது, நான் போடுற தீனியைத்தான் தின்னுது. மிரட்டுற கலர் மட்டும் அப்படியே இருக்கு."

"தவளைக் கதை எங்களுக்கு எதுக்கு?" முனிராஜ் மறுபடி சீறினார். "இவளுக்கு வேலை உண்டா, இல்லையா?"

"யோசிக்கணும்."

"யோசிங்க! ஒரு மாசம் டைம். அதுக்கு மேல ஒரு நாள் போச்சு, அப்புறம் இந்த முனிராஜ் யாருன்னு பார்ப்பீங்க!"

சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் நாளைக் காலை எப்படி ஒரு மாசம் ஆயிற்று என்று மாதேவிக்குப் புரியவில்லை. ஒரு மாசம் அடுப்பு எதை வைத்து எரியும்? கேட்க வாயெடுத்தாள்.

அதற்குள் சமையல்காரி லிங்கம்மா காபித் தட்டோடு வந்துவிட்டாள். ஒரு டம்ளரை மாதேவியிடம் நீட்டினாள்.

"நீ இன்னிக்குத்தானே வந்திருக்கே, சர்க்கரை போட்டிருக்கேன், சரியா பாரு. இந்தாங்க முனிராஜண்ணா, உங்களுக்கு எப்பவும் போல சர்க்கரை இல்லாம."