வாசல் எந்தப் பக்கம்

பக்கத்து நாட்டு உதவியில் எழும்பும் வீட்டின் சுவர் முழங்கால் உயரம் வந்திருக்கிறது. அந்த நாட்டுக் கொடி அச்சிட்ட சிமெண்ட் மூட்டைகள் மேல் காலை வெயில் கிடக்கிறது. அங்கிருந்தே வந்திருக்கும் கொத்தனார் கரண்டியைக் கீழே வைக்கிறார். "எல்லா வீட்டுக்கும் ஒரே பிளான்தான்க்கா. வாசல் புது ரோட்டைப் பார்த்துதான் வரும்." வீட்டுக்காரி மறுத்துத் தலையை ஆட்டுகிறாள். "எம்பொண்ணுக்குப் புது ரோடு தெரியாதுப்பா. பின்பக்கச் சந்து வழியாத்தான் வருவா." சண்டைக்குப் பயந்து ஊரே ஓடிய அன்று, நெரிசலில் அவள் கையிலிருந்து நழுவிப்போன குழந்தை. அப்போது வயது ஆறு. ஒன்பது வருடமாகிறது. கொத்தனார் சந்துப் பக்கம் பார்க்கிறார். "அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் வைக்கிறேன். எஞ்சினியர் குதிச்சா காத்துக்குன்னு சொல்லிக்கலாம். எவ்வளவு உயரத்துல வேணும்?" "அவ எட்டிப் பார்க்கிற மாதிரி," என்று கையைத் தன் இடுப்பருகே நிறுத்துகிறாள். கொத்தனார் தரையிலிருந்து அந்த உள்ளங்கை வரை டேப் பிடித்து அளக்கிறார்.