நாற்பத்தொரு பிழைகள்

சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், வடக்கு ஸ்வீடனின் ஒரு நகர நீர்வாரியத்தில், வரலாற்றுச் சிறப்புமிக்க கோப்பொன்று இன்று மாலை ஐந்து மணிக்குள் திறக்கப்படும். இயக்குநர் பெர்டில் இப்படிப் பிரகடனம் செய்துவிட்டு, எல்லோருக்கும் இலவங்கப்பட்டை பன்னும் வரவழைத்திருந்தார்.

திறக்க வேண்டியவள் லினேயா. திறந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்து இன்றே வீட்டுக்குப் போகலாம். கோப்பைப் படிக்க வேண்டிய பழைய நிரலோ, கம்பைலரில் நாற்பத்தொரு பிழைகள் காட்டி, இயங்கவே மறுத்தது. ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்று முளைத்தது.

நாலரை மணிக்கு, நிரலை எழுதிவிட்டு ஓய்வுபெற்ற ஸ்டூரேவுக்குப் போன் செய்தாள். அவர் காட்டில் காளான் பறித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டூரே, உங்க புரோகிராம் கம்பைலே ஆக மாட்டேங்குது. நாப்பத்தொரு எரர்."

"நாப்பத்தொண்ணுதானே? கணக்கு சரியா இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் எழுதி வச்சிட்டுத்தாம்மா வந்தேன்."

லினேயாவுக்குப் போன உயிர் திரும்பியது. "எங்க வச்சிருக்கீங்க?"

"ஒரு கோப்புல. கண்டவன் படிச்சிடக் கூடாது பாரு, நம்ம புரோகிராம்ல மட்டும் திறக்கிற மாதிரி பண்ணியிருக்கேன். ரொம்ப முக்கியமான கோப்புன்னு பெர்டில்கிட்ட சொல்லியிருந்தேனே."

ஆறு மாதமாக லினேயா திறக்க முயன்றது அந்தக் கோப்பைத்தான்.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு பன்னை எடுத்துக் கடித்தாள். பன் நன்றாக இருந்தது.