உள்ளங்கை அடுப்பு

மொட்டை மாடியில் ஜோதிலட்சுமி அந்தக் கேஸ் டப்பாவைக் காதருகே வைத்து, தேங்காய் வாங்குகிறவளைப் போலக் குலுக்கிப் பார்த்தாள். "வெடிச்சுக்கிடிச்சு வைக்காதே?"

கயலுக்குத் தெரியும், மாமியாரின் இந்தக் கேள்விக்குச் சரியான பதிலே கிடையாது. ஆபத்து என்றால் போகவிட மாட்டாள். ஆபத்தில்லை என்றால் கூடவே கிளம்பிவிடுவாள்.

கல்யாணமான கையோடு கொடைக்கானல் போனதும் அப்படித்தான். பேச்சு என்னவோ பெண்ணும் மாப்பிள்ளையும் போவதாகத்தான். காமயகவுண்டன்பட்டியிலிருந்து கிளம்பியதோ ஒரு வேன் நிறைய ஆள். புருசன் தங்கப்பாண்டியன் டிரைவர் பக்கத்தில். கயல் கடைசி சீட்டில், வாந்தியெடுத்த சின்ன மாமியாரின் முதுகைத் தடவிக்கொண்டு.

அதனால்தான் இந்த முறை அவளும் தங்கப்பாண்டியனும் மட்டும் போவதற்கு மேகமலை எஸ்டேட் ஒன்றில் கூடாரம் போட இடம் கேட்டு வாங்கினார்கள். தேனிக் கடையில் அடுப்பைத் தேர்ந்தெடுத்தது கயல். ஸ்பிரிட் அடுப்பு லேசுதான், ஆனால் வெயிலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. பெட்ரோல் அடுப்பு கனம். டப்பாவின் தலையில் திருகுகிற இந்த பர்னர் உள்ளங்கைக்குள் அடங்கியது.

பார்த்ததுமே அவளுக்குச் சிரிப்புப் பொங்கியது. இதில் வேன் நிறைய ஆளுக்கு உலை வைக்கவே முடியாது! உடனே வெட்கமாகவும் இருந்தது. மனுசரே வேண்டாம் என்கிற அளவுக்குப் பொல்லாதவளா நான்?

"வெடிக்காது அத்தை. ஆனா கூடாரத்துக்குள்ள பத்த வைக்கக் கூடாது, மூச்சு முட்டிரும். வெளிய சமதரையில வச்சுத்தான்." பாதி தைரியம், பாதி பயம் என்று அளந்து ஊற்றினாள்.

"காத்துல அணைஞ்சிராது?"

"ஒரு பக்கம் தகரம் வச்சு மறைக்கலாம். சுத்தி அடைச்சா டப்பா சூடேறிரும்."

"பத்த வையி, பாப்போம்."

நீலத் தீ புஸ்ஸென்று பூத்தது. ஜோதிலட்சுமி ஓரடி பின்னால் போய், ஈரடி முன்னால் வந்தாள்.

"ரெண்டு டம்ளர் டீ போடலாமா?"

"அம்புட்டுதான் அத்தை. மூணாவது டம்ளருக்கு வழியே இல்ல!" கயல் முந்திக்கொண்டாள். "கூடாரத்துலயும் ரெண்டு பேருதான். அதுவும் ஒருக்களிச்சுத்தான் படுக்கணும்."

"ஒருக்களிச்சா?"

மாமியார் சட்டென்று முகத்தைத் திருப்பி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கோபம்தான். தோள்கூடக் குலுங்கியது. "ஏத்தா, ஒங்க சின்னத்தை நானும் வாரேன்னு நின்னா?"

"எடமில்லைன்னு சொல்லிர வேண்டியதுதான்." சொன்ன பிறகுதான் கயல் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஜோதிலட்சுமி குமிழைத் திருகித் தீயை அணைத்தாள். பர்னர் ஆறும்வரை காத்திருந்து கழற்றினாள். அடுப்பை ஒரு கையிலும் கூடாரப் பையை மறு கையிலும் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினாள்.

போச்சு, பறிமுதல். கயல் காலில் விழுந்தாவது வாங்கிவிடலாம் என்று பின்னாலேயே ஓடினாள்.

கீழே மாமனார் முத்துராமலிங்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கூடாரப் பையை அவர் மடியில் வைத்தாள் ஜோதிலட்சுமி.

"ஏங்க, யாரும் ஒட்டிக்கிட்டு வர முடியாதாம்... கெளம்புங்க!"