மாப்பிள்ளை குரல்

“செம்மொழி! யம்மாடி, செம்மொழி!”

மூன்று முறை கூப்பிட்டும் அடுப்படியிலிருந்து பதில் இல்லை. பெண் பார்க்க வந்திருந்த பிரகதீஸ்வரி, கூப்பிட்ட வாயை மூடிக்கொண்டு பெண்ணின் அப்பா துரைக்கண்ணுவை ஒரு பார்வை பார்த்தாள்.

“மிக்ஸி ஓடுதுங்க. சட்னி அரைக்கிறா” என்று அவர் வழிந்தார்.

பாவம், அவர் பயம் அவருக்கு. போன வருடம் வந்தவர்கள், பெண் வாயாடி என்று சொல்லி நழுவிவிட்டார்கள். பூதலூரில் எந்த ரயிலும் நிற்காது என்று அந்த மாப்பிள்ளையின் சித்தப்பா சொல்ல, நிற்கிற வண்டிகளை இவள் நேரத்தோடு ஒப்பித்துவிட்டாளாம். இதற்கெல்லாமா ஒரு கல்யாணம் நிற்கும்? நின்றது. முப்பதைத் தொடும் பெண்ணுக்கு இதையும் விட்டால் வேறு இடம் வராது என்று தரகர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

கூடத்தில் பிரகதீஸ்வரியின் மூத்த மகன் இளஞ்செழியன் லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சிங்கப்பூரில் இருக்கும் அவன் தம்பிதான் மாப்பிள்ளை. திரையில் மாப்பிள்ளையின் வாய் அசைகிறது, சத்தம்தான் வரவில்லை.

“லேப்டாப் ஸ்பீக்கர் போயிருச்சுங்க. இந்தப் பெரிய ஹெட்போனுக்கு நடுவுல சத்தத்தைக் கூட்டுற இந்த ஆம்ப் வேணும். தம்பி அனுப்புனது” என்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு டப்பாவைக் காட்டினான். செல்லிலேயே பேசலாமே என்று துரைக்கண்ணு சொல்லிப் பார்த்தார். தம்பி குரல் இதில்தான் கணீரென்று வரும் என்று ஒரே பிடிவாதம்.

வயரைப் பிடுங்கி வேறு பக்கம் செருகினான். லேப்டாப்பை அணைத்துப் போட்டான். “வெளக்கு எரியுது, ஆனா ஆம்ப் இருக்கறதே லேப்டாப்புக்குத் தெரியலையே!” என்று தலையில் அடித்துக்கொண்டான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. அரை மணி நேரத்தில் கேசரி ஆறிக் கட்டியானதுதான் மிச்சம்.

“அடச்சே! சார்ஜ் ஏத்துற வயரைச் செருகியிருக்கேன். இதுல கரண்டு மட்டுந்தான் போவும்!” பையைக் கொட்டி வேறு வயரைத் தேடி மாட்டினான். “வந்துருச்சு! டேய் தம்பி, கேக்குதுடா, பேசு!”

எல்லோருக்கும் மூச்சு வந்தது. பிரகதீஸ்வரி ஹெட்போனை வாங்கி மகனிடம் இரண்டு வார்த்தை பேசினாள். “என்னா சத்தம்! பச்சப்புள்ள காது என்னத்துக்கு ஆவுறது” என்று வால்யூமைக் குறைத்து, கூடத்துக்கு வந்து நின்ற செம்மொழியின் தலையில் தன் கையாலேயே மாட்டிவிட்டாள். அடடா, இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைப்பாள் என்று வள்ளியம்மைக்குக் கண் கலங்கியது. பெற்றவள் அல்லவா.

“கேக்குதாம்மா?”

செம்மொழி திரையைப் பார்த்தாள். வேர்த்துக்கொட்ட நின்ற இளஞ்செழியனைப் பார்த்தாள். “கேக்குதுங்க.”

“நல்லா கேக்குதா?”

“நல்லா கேக்குதுங்க அத்தை.”

மாப்பிள்ளை ஏதோ கேட்க, “சரிங்க” என்றாள். இன்னொன்று கேட்க, அதற்கும் “சரிங்க” என்று சிரித்தாள். எல்லாம் கூடி வந்துவிட்டது என்று துரைக்கண்ணு ஆறின கேசரியை இன்னொரு கரண்டி பரிமாறச் சொன்னார். சாப்பிட்டுவிட்டு, தகவல் சொல்கிறோம் என்று வந்தவர்கள் கிளம்பினார்கள்.

சாயங்காலமே போன் வந்தது. துரைக்கண்ணு ஆசையாக எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

“அண்ணே, தப்பா நெனக்காதீங்க. உங்க பொண்ணுக்குக் காது கேக்கல” என்றாள் பிரகதீஸ்வரி. “நான் கூப்பிட்டப்பவே சந்தேகம். சத்தத்தை சுத்தமா கொறச்சிட்டுத்தான் மாட்டிவிட்டேன். நல்லா கேக்குதுங்கறா! எம் புள்ள என்னா படிச்சிருக்கீங்கன்னு கேட்டா, சரிங்கறா. தரகரும் இங்கதான் இருக்காரு. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

துரைக்கண்ணு போனை மறு காதுக்கு மாற்றினார். அந்த மனுஷன் மகளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

“எங்களுக்கே தெரியாதுங்கம்மா. சின்னதுல காதுல சீழ் வடிஞ்சுச்சு, அப்பவே போயிருக்கும்போல. மன்னிச்சிருங்க” என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் தரகர் “அடப்பாவமே” என்றது தெளிவாகக் கேட்டது. அவர் காதில் விழுந்தால் வெண்ணாற்றங்கரை ஊர்கள் அத்தனையிலும் விழுந்த மாதிரி.

போனை வைத்துவிட்டு, துணி துவைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் குனிந்தார். மகளுக்குத்தான் கேட்காதே, ஆனாலும் வெட்கத்தில் குரல் காற்றாகத்தான் வந்தது.

“செவிட்டுப் பொண்ணுன்னு எங்கிட்டயே மறைச்சிட்டியேடி.”

“ஐயையோ, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க!” வள்ளியம்மை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இரண்டு கட்டு தாண்டி, கூடத்தில் பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்த செம்மொழியின் குரல் வந்தது.

“எனக்குக் கேக்குதுப்பா. அந்த ஹெட்போன்லதான் ஒண்ணுமே கேக்கல. பாவம், அவ்வளவு பாடுபட்டவங்ககிட்ட அதை எப்படிப்பா சொல்றது?”