எதிரணி கோல்கீப்பர்

ஹீரோ பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டு நான்கு அடி பின்னால் போனான்.

கடைசி நிமிடம். பெனால்டி. தியேட்டரில் பாப்கார்ன் தின்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

அவள் ஹீரோவைப் பார்க்கவில்லை. இந்தப் படத்துக்கு இது எட்டாவது முறை. இன்னும் ஹீரோவின் முகம் அவளுக்குச் சரியாக மனதில் நிற்கவில்லை. திரையின் இடது ஓரத்தில், கோல் கம்பங்களுக்கு நடுவே, மஞ்சள் சட்டை போட்டுக் கைகளை விரித்து ஒருவன் நிற்கிறானே, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்காகவே தினமும் இடது பக்கக் கடைசி நாற்காலியைக் கேட்டு வாங்குகிறாள்.

அவள் மகன் எட்வின்.

படத்தில் அவனுக்குப் பெயர் கிடையாது. வசனமும் கிடையாது. எதிரணிக்கு நிஜமாகவே ஆடத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று வியாசர்பாடி மைதானத்துக்கு வந்து பதினோரு பேரைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். ஹீரோவின் அணிக்கு அந்தக் கட்டாயம் இல்லை போலிருக்கிறது.

ஷூட்டிங் முடிந்து வந்த அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பந்து வலது பக்கம் வரும், நீ இடது பக்கம் பாய வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். ஆறு முறையும் பந்தைப் பிடித்துவிட்டானாம். வேண்டுமென்று இல்லை. கை தானாகப் போய்விடுகிறது. ஹீரோ கால் வலிக்கிறது என்று நாற்காலி கேட்டு உட்கார்ந்துவிட்டாராம். ஏழாவது முறை இவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுந்திருக்கிறான்.

விளையாட்டுப் படம் என்றால் அவனுக்கு உயிர். குத்துச்சண்டையோ, கபடியோ, ஓட்டப்பந்தயமோ, எது வந்தாலும் முதல் நாளே போய்விடுவான். எல்லாம் ஒரே கதைதானே, அப்படி என்னடா இருக்கிறது என்று ஒருமுறை கேட்டாள். விளையாட்டு வீரர்களுக்கான வேலைப் பட்டியலில் மூன்றாவது வருடமும் அவன் பெயர் வராத சமயம் அது.

“நம்மள மாதிரி ஆளுங்க அங்கதாம்மா ஜெயிக்கிறாங்க.”

அவனுக்குக் கிடைத்த ஒரே படத்தில் தோற்கிற வேலை.

படம் வருவதற்கு நான்கு மாதம் முன்பு, விடியற்காலைப் பயிற்சிக்கு சைக்கிளில் போனவன் மேல் தண்ணீர் லாரி ஏறியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசியம்கூட யாருக்கும் இருக்கவில்லை.

அவள் கோலைப் பார்க்க வருவதில்லை. அதற்குப் பிறகு வருவதைப் பார்க்க வருகிறாள்.

பந்து வலைக்குள் போனதும் ஹீரோவைத் தூக்கிக்கொண்டு கூட்டம் ஓடும். இவன் மண்ணில் குப்புறக் கிடப்பான். பிறகு முழங்கையை ஊன்றி மெல்ல எழுவான். கையுறையைத் தொடையில் தட்டுவான். ஹீரோ திரும்பி வந்து கை கொடுப்பான். அதை வாங்கிக்கொண்டு இவன் நேராகப் பார்ப்பான். தன்னைத்தான் பார்க்கிறான் என்று அவளுக்குத் தோன்றும்.

எட்டு விநாடி இருக்கும். அந்த எட்டு விநாடிக்காகத்தான் இரண்டு வீட்டுச் சமையலை முடித்துவிட்டு, தான் சாப்பிடாமல், இரண்டரை மணி ஆட்டத்துக்கு ஓடி வருகிறாள்.

ஹீரோ உதைத்தான்.

மஞ்சள் சட்டை இடது பக்கம் பாய்ந்தது. விழுந்தது.

தியேட்டர் எழுந்து நின்று விசிலடித்தது. அவள் நாற்காலியின் நுனிக்கு வந்து, முன்னால் நிற்பவர்களின் தோள்களுக்கு இடையே கழுத்தை நீட்டினாள்.

திரையில் கோப்பை.

ஹீரோவின் அம்மா அழுகிறாள். பட்டாசு வெடிக்கிறது. பெயர்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

முதலில் தன் மேல்தான் சந்தேகப்பட்டாள். கண்ணைத் துடைத்த நேரத்தில் தவறவிட்டுவிட்டோமா என்று. விளக்குகள் எரிந்து கூட்டம் கலைந்த பிறகும், யாராவது வந்து மறுபடி போட்டுக் காட்டுவார்கள் என்பதுபோல வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் டிக்கெட் கிழிக்கிற காஜா பாயிடம் போய்க் கேட்டாள். அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டிருந்தாள். யாரிடமாவது சொல்லாமல் அவளால் வீட்டுக்குப் போயிருக்க முடியாது.

அவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். படம் ரொம்ப நீளம் என்று பேச்சு வந்துவிட்டதால் கம்பெனிக்காரர்களே பன்னிரண்டு நிமிடத்தை வெட்டிவிட்டார்களாம். இன்றிலிருந்து எல்லா ஊரிலும் இதுதானாம். பழையது இனி எங்கும் ஓடாதாம்.

படியிறங்கிய இரண்டு கல்லூரிப் பையன்கள், இப்போதுதான் படம் இழுவை இல்லாமல் இருக்கிறது என்று பேசிக்கொண்டு போனார்கள்.

“அப்ப அவன் எழுந்துக்கவே மாட்டானா பாய்?”

காஜா பாய் கையிலிருந்த டிக்கெட் துண்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். அடுக்குவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

இனி அவள் வரமாட்டாள் என்றுதான் அவர் நினைத்தார். மறுநாளும் வந்தாள். அதே நாற்காலியைக் கேட்டாள். அவரும் டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விட்டார்.

படம் முடிய இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். முகம் அமைதியாக இருந்தது. உடம்புக்கு முடியவில்லையா என்று அவர் பதறிக் கேட்டார்.

“இல்ல பாய். இப்ப நிக்கிறான். நான் கிளம்புறேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு படிகளில் இறங்கினாள். வேகமாக இறங்க அவளுக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

காஜா பாய் திரும்பிப் பார்த்தார். அவள் வந்த கதவு இன்னும் பாதி திறந்தே கிடந்தது.

விசில் கிளம்புவதற்குள் ஓடிப்போய் அதைச் சாத்தினார்.